செமிபலாட்டின்ஸ்க்: ஒரு வெடிகளம் மூடப்பட்ட வரலாறு

அணு ஆயுதக் குறைப்பின் வரலாறு பெரும்பாலும் தலைநகரங்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த நாடுகள் எதற்கு இசைந்தன, எத்தனை ஏவுகணைகள் கணக்கிலிருந்து கழிந்தன என்பவையே அவ்வகை நூல்களின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. குண்டு வெடித்த நிலத்துக்கும் அதைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் அவற்றில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. நிலத்திலிருந்து தொடங்கி அந்த வரலாற்றைப் படிக்க விரும்புவோர்க்குக் கஜகஸ்தானின் வடகிழக்கில் உள்ள செமிபலாட்டின்ஸ்க் சோதனைக் களம் சிறந்த சான்றாக அமைகிறது. 1949 முதல் 1989 வரை நாற்பது ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் அங்கே 456 அணுவெடிப்புச் சோதனைகளை நடத்தியது. அதன்பின் இருபதாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அதே களம் மூடப்பட்டது, சுரங்கங்கள் அடைக்கப்பட்டன, நாட்டில் இருந்த அணு ஆயுதங்கள் அனைத்தும் அகற்றப்பட்டன. இவ்விரு காலங்களையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது: ஒரு நாடு தன் களத்தைப் பிறர் வந்து பார்க்க இடம் கொடுத்தபோதுதான் ஒப்பந்தங்கள் வலுப்பெற்றன, மறைத்து வைத்தபோதெல்லாம் ஆபத்து இடம் மாறியதே அன்றி நீங்கவில்லை.

களம் அமைந்த விதம்

சோவியத் அணுகுண்டுத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பு லவ்ரென்தி பேரியாவிடமும் அறிவியல் பொறுப்பு இயற்பியலாளர் ஈகர் குர்ச்சாத்தோவிடமும் இருந்த காலத்தில், 1947ஆம் ஆண்டு இந்தக் களத்தை அமைக்க முடிவாயிற்று. செமிபலாட்டின்ஸ்க் நகருக்கு மேற்கே பரந்து கிடந்த புல்வெளியில் ஏறத்தாழ 18,500 சதுர கிலோமீட்டர் நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டது. இர்திஷ் ஆற்றங்கரையில் களத்தின் நிர்வாக நகரம் எழுந்தது. நெடுங்காலம் எந்த நிலப்படத்திலும் இடம்பெறாமல் குறியீட்டுப் பெயர்களாலேயே வழங்கப்பட்ட அந்த ஊர் பின்னாளில் குர்ச்சாத்தோவின் பெயரைப் பெற்றது. ஆள் நடமாட்டமற்ற வெற்று நிலம் என்று இப்பகுதி அதிகாரிகளின் ஏடுகளில் குறிக்கப்பட்டாலும், உண்மை அவ்வாறு இல்லை. கஜக் இலக்கியத்தின் தலைமகனாகப் போற்றப்படும் கவிஞர் அபாய் பிறந்து வளர்ந்த சிங்கிஸ் மலைப்பகுதி களத்தின் தெற்கே அமைந்திருந்தது. தொலோன், சர்ஜால், கைனார், கரவுல் முதலிய ஊர்களில் கால்நடை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர்.

1949 ஆகஸ்ட் 29 அன்று காலையில் சோவியத் ஒன்றியத்தின் முதல் அணுகுண்டு இக்களத்தில் ஒரு கோபுரத்தின்மேல் வெடிக்கப்பட்டது. அதன் ஆற்றல் 22 கிலோ டன்; அதாவது 22,000 டன் டி.என்.டி. வெடிமருந்து ஒரே நேரத்தில் வெடிப்பதற்கு ஒப்பானது. காற்றின் திசை முன்கூட்டியே போதிய அளவு கவனிக்கப்படாததால் கதிரியக்கத் துகள்கள் தொலோன் கிராமத்தின்மீது படிந்தன. அங்கிருந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் தரப்படவில்லை. மாஸ்கோவும் செய்தியை வெளியிடவில்லை. ஆனால் செப்டம்பர் தொடக்கத்தில் வட பசிபிக் வானில் பறந்த அமெரிக்க விமானம் ஒன்றின் வடிகட்டித் தாள்களில் அத்துகள்கள் சிக்கின. செப்டம்பர் 23 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதை உலகுக்கு அறிவித்தார். பிற்காலத்தில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டின் அடிப்படையாக விளங்கிய சரிபார்ப்பு, அதாவது ஒரு நாடு சொல்வதும் செய்வதும் ஒன்றுதானா என்று பிறர் அளந்து உறுதிசெய்யும் முறை, இவ்வாறு உளவுத் தொழிலின் ஒரு பிரிவாகவே தொடங்கியது.

1953 ஆகஸ்ட் 12 அன்று ஆந்திரேய் சகாரோவ் முதலியோர் வடிவமைத்த 400 கிலோ டன் குண்டும், 1955 நவம்பர் 22 அன்று 1.6 மெகா டன் ஆற்றல் கொண்ட ஹைட்ரஜன் குண்டும் இங்கே சோதிக்கப்பட்டன. இரண்டாவது குண்டின் அதிர்ச்சி அலை தொலைவிலிருந்த கட்டடங்களையும் இடித்து, ஒரு சிறுமியையும் ஒரு படைவீரரையும் பலிகொண்டது; சோதனைகளுக்கு எதிராகச் சகாரோவின் மனம் திரும்பியதற்கு இத்தகைய மரணங்களும் காரணமாயின. 1957இல் செமிபலாட்டின்ஸ்க் நகரில் 4ஆம் எண் மருந்தகம் என்னும் நிறுவனம் திறக்கப்பட்டது. கால்நடைகளிடமிருந்து மனிதர்க்குப் பரவும் புரூசெல்லா நோய்க்கான மருத்துவமனை என்ற பெயர்ப்பலகையைத் தாங்கியிருந்த அது, உண்மையில் கதிர்வீச்சுக்கு ஆளான மக்களை ஆராய்ந்து முடிவுகளை மாஸ்கோவுக்கு அனுப்பிவந்தது. நோயாளிகளுக்கு மட்டும் அவர்களுடைய நோயின் காரணம் சொல்லப்படவில்லை. அதே காலத்தில் கஜக் அறிவியல் கழகத்தின் சார்பில் மருத்துவர் பஹியா அத்சபாரோவ் தலைமையில் சென்ற ஆய்வுக்குழு, களத்தைச் சுற்றிய ஊர்களில் கதிர்வீச்சின் அறிகுறிகளைப் பதிவு செய்தது. அந்த ஆய்வும் விரைவிலேயே நிறுத்தப்பட்டது.

வானிலிருந்து மண்ணுக்குள்

அணுவெடிப்புச் சோதனைகளை நிறுத்தவேண்டும் என்ற குரல் வல்லரசுகளிடமிருந்து முதலில் எழவில்லை. 1954 மார்ச்சில் பசிபிக் கடலின் பிக்கினித் தீவுத்திடலில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் துகள்கள் ஜப்பானிய மீனவர்கள்மீது படிந்ததை அடுத்து, ஏப்ரல் 2 அன்று இந்தியப் பிரதமர் ஜவஹர்லால் நேரு மக்களவையில் பேசியபோது, முழுமையான உடன்பாடு ஏற்படும்வரை சோதனைகளையேனும் நிறுத்திவைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1963 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. காற்றுமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுவெடிப்புகளைத் தடைசெய்த அவ்வொப்பந்தம் நிலத்தடிச் சோதனைகளைத் தொடவில்லை. அதற்குக் காரணம் கண்காணிப்பைப் பற்றிய கருத்து மாறுபாடே. நிலத்தடி வெடிப்பையும் இயற்கையான நிலநடுக்கத்தையும் பிரித்தறிய ஆண்டுக்கு ஏழு முறையாவது நேரில் சென்று பார்க்கவேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. மூன்றுக்கு மேல் முடியாது என்று சோவியத் தரப்பு மறுத்தது. ஏழுக்கும் மூன்றுக்கும் இடையிலிருந்த இந்த வேறுபாடு தீராமல் போனதால் முழுத் தடை பகுதித் தடையாகச் சுருங்கிற்று.

இந்த விதிவிலக்கின் விளைவைச் செமிபலாட்டின்ஸ்க்கின் கணக்கே காட்டுகிறது. அங்கு நடந்த 456 சோதனைகளுள் 340 நிலத்தடியில் நடந்தவை. தெகெலென் மலையின் உட்புறம் கிடையாகக் குடைந்த 181 சுரங்கங்களிலும், பலபான் சமவெளியில் செங்குத்தாகத் தோண்டிய ஆழ்துளைகளிலும் வெடிப்புகள் தொடர்ந்தன. 1965 ஜனவரி 15 அன்று, பள்ளம் பறித்து நீர்த்தேக்கம் அமைக்கும் அமைதிவழிப் பயன்பாடு என்று சொல்லி, சகான் ஆற்றின் அருகே 140 கிலோ டன் வெடிப்பு ஒன்று நடத்தப்பட்டது. சுமார் 400 மீட்டர் அகலமும் 100 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் ஓர் ஏரியாக மாறியது. அதிலிருந்து எழுந்த கதிரியக்கம் ஜப்பான்வரை பதிவானதால், ஒப்பந்தத்தை மீறியதாக அமெரிக்கா ஐயம் எழுப்பியது.

1968இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் சோதனைகளைக் கட்டுப்படுத்தவில்லை. 1967ஆம் ஆண்டுக்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகளை மட்டும் அணு ஆயுத நாடுகளாக ஏற்று, மற்றவை ஆயுதம் செய்வதைத் தடுத்து, அதற்கு ஈடாக ஐந்தும் ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்துடன் பேசவேண்டும் என்று அது விதித்தது. இந்தக் கடமைக்குக் காலவரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. 1974இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நிலத்தடிச் சோதனைகளின் உச்ச அளவை 150 கிலோ டன் என்று வரையறுத்தபோதும், அந்த அளவை உறுதிசெய்யும் வழியில் நம்பிக்கை பிறக்காததால் அவ்வொப்பந்தம் பதினாறு ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது.

அறிவியலாளர்கள் திறந்த வாயில்

இந்தத் தேக்கத்தை முதலில் உடைத்தவர்கள் அரசுகளுக்கு வெளியே இருந்த அறிவியலாளர்கள். 1985 ஆகஸ்டில் சோவியத் தலைவர் கொர்பசோவ் சோவியத் சோதனைகளை ஒருதலையாக நிறுத்திவைத்தார். அமெரிக்காவின் ரீகன் அரசோ அதை நம்ப மறுத்தது. இந்நிலையில் 1986இல் அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் குழு என்னும் தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த தாமஸ் காக்ரனும் சோவியத் அறிவியல் கழகத்தின் யெவ்கெனி வெலிகோவும் ஓர் உடன்பாட்டை எட்டினர். அதன்படி அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க நில அதிர்வு ஆய்வாளர்கள், களத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கர்கராலின்ஸ்க் ஊரில் தங்கள் கருவிகளை நிறுவினர். மண்ணின் மிகச் சிறிய அசைவையும் பதிவுசெய்யும் அக்கருவிகள், அப்பகுதியின் பாறைகள் அதிர்வை நெடுந்தொலைவு கடத்துவதை மெய்ப்பித்தன. சிறிய வெடிப்புகளையும் மறைக்க இயலாது என்ற வாதத்துக்கு அது வலுச்சேர்த்தது. வெளிநாட்டவர் அணுகவே முடியாதிருந்த பகுதியில் அமெரிக்கர்கள் கருவியோடு அமர முடிந்தது என்பதே அரசியல் அளவில் பெரிய மாற்றமாகும்.

அரசுகளும் இவ்வழியைப் பின்பற்றின. 1988 ஆகஸ்டில் நெவாடாவில் நடந்த அமெரிக்கச் சோதனையைச் சோவியத் குழுவும், அடுத்த மாதம் செமிபலாட்டின்ஸ்க்கில் நடந்த சோவியத் சோதனையை அமெரிக்கக் குழுவும் களத்திலேயே நின்று அளந்தன. கூட்டுச் சரிபார்ப்புச் சோதனை என்று வழங்கப்பட்ட இம்முயற்சிக்குப் பின்னரே, 1974இல் கையெழுத்தான 150 கிலோ டன் ஒப்பந்தம் 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

மக்கள் இயக்கமும் களத்தின் மூடலும்

1989 பிப்ரவரி 12 அன்று நடந்த நிலத்தடிச் சோதனை ஒன்றிலிருந்து கதிரியக்க வாயு கசிந்து, அருகிலிருந்த விமானப்படைக் குடியிருப்பை எட்டியது. அம்மாத இறுதியில் கவிஞர் ஒல்ஜாஸ் சுலெய்மெனோவ் தொலைக்காட்சியில் கவிதை வாசிப்பதற்காகத் தோன்றியபோது, கவிதையை ஒதுக்கிவிட்டுக் கசிவைப் பற்றிய செய்தியைச் சொல்லி, அல்மா அத்தாவிலுள்ள எழுத்தாளர் சங்கத்தில் கூடுமாறு மக்களை அழைத்தார். பிப்ரவரி 28 அன்று திரண்ட கூட்டத்தில் நெவாடா–செமிபலாட்டின்ஸ்க் இயக்கம் பிறந்தது. எதிரி நாட்டின் சோதனைக் களத்தின் பெயரையும் தன் பெயரோடு இணைத்துக்கொண்ட அவ்வியக்கம், நெவாடாவில் தங்கள் மூதாதையர் நிலத்தை இழந்த மேற்கு ஷோஷோனிப் பழங்குடியினரோடும் அங்குள்ள எதிர்ப்பாளர்களோடும் உறவு கொண்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் கோரிக்கையில் கையெழுத்திட்டனர். 1989இல் திட்டமிட்டிருந்த 18 சோதனைகளுள் 7 மட்டுமே நடந்தன. அவ்வாண்டு அக்டோபர் 19 அன்று நடந்ததே அக்களத்தின் இறுதிச் சோதனையாயிற்று.

1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோல்வியுற்ற சில நாள்களில், முதல் குண்டு வெடித்த அதே ஆகஸ்ட் 29 அன்று, கஜகஸ்தான் தலைவர் நூர்சுல்தான் நசர்பாயேவ் களத்தை மூடும் ஆணையில் கையெழுத்திட்டார். நாடு விடுதலை பெறுவதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன்பே இந்த முடிவு எடுக்கப்பட்டது.

மரபுரிமையாக வந்த ஆயுதங்கள்

களம் மூடப்பட்டாலும் ஆயுதங்கள் எஞ்சியிருந்தன. 1991 டிசம்பரில் விடுதலை பெற்ற கஜகஸ்தான் மண்ணில், 104 கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளிலும் குண்டுவீச்சு விமானங்களிலும் பொருத்துவதற்கான ஏறத்தாழ 1,410 அணு ஆயுத முனைகள் இருந்தன. எண்ணிக்கையில் அது உலகின் நான்காவது பெரிய அணு ஆயுதத் தொகுப்பு. எனினும் அவற்றை ஏவும் அதிகாரம் மாஸ்கோவின் கையிலேயே இருந்தது. இரு பெரும் அண்டை நாடுகளான ரஷ்யாவும் சீனாவும் அணு ஆயுதம் வைத்திருந்த நிலையில், தொடக்கத்தில் புதிய அரசு தயங்கிற்று. இறுதியில் 1992 மே 23 அன்று லிஸ்பன் நெறிமுறையில் கையெழுத்திட்டு, உக்ரைன், பெலாரஸ் ஆகியவற்றோடு சேர்ந்து ஆயுதங்களைக் கைவிட ஒப்பியது. 1994 பிப்ரவரியில் ஆயுதமற்ற நாடாகப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அதற்கு ஈடாக, அவ்வாண்டு டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவை அதன் எல்லைகளை மதிப்பதாக எழுத்தில் உறுதி கூறின. 1995 ஏப்ரலில் கடைசி ஆயுத முனை ரஷ்யாவுக்குச் சென்றது. 1991 முதல் தெகெலென் சுரங்கம் ஒன்றில் வெடிக்காமல் கிடந்த அணுக்கருவியும் மே இறுதியில் சாதாரண வெடிமருந்தால் அழிக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய பணிக்குரிய செலவைப் புதிய நாடுகளால் தாங்க இயலவில்லை. அமெரிக்க மேலவை உறுப்பினர்கள் சாம் நன், ரிச்சர்ட் லூகர் ஆகியோர் 1991இல் கொண்டுவந்த சட்டம், முன்னாள் எதிரியின் ஆயுதங்களைப் பிரித்தழிக்க அமெரிக்க நிதியை வழங்கியது. இத்தகைய ஒத்துழைப்பின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சஃபையர் திட்டம். உஸ்த் கமெனோகோர்ஸ்க் நகரின் உல்பா உலோக ஆலையில் ஏறத்தாழ 600 கிலோ உயர் செறிவூட்டப்பட்ட யுரேனியம், அதாவது வெடிக்கத்தக்க யுரேனியம்-235இன் விகிதம் குண்டு செய்யும் அளவுக்கு உயர்த்தப்பட்ட பொருள், போதிய காவலின்றிக் கிடந்தது; இருபதுக்கு மேற்பட்ட குண்டுகளுக்கு அது போதும். 1994 அக்டோபரில் அங்கு வந்த 31 அமெரிக்கர்கள் ஆலைத் தொழிலாளர்களுடன் ஆறு வாரம் உழைத்து அதைக் கலங்களில் அடைத்தனர். நவம்பரில் பெரிய சரக்கு விமானங்களில் அது டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜுக்குச் சென்று சேர்ந்த பிறகே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

தெகெலென் மலையின் எச்சம்

தெகெலென் மலையின் 181 சுரங்கங்களையும் அமெரிக்க நிதியுதவியோடு அடைக்கும் பணி 1996இல் தொடங்கி 2000இல் நிறைவுற்றது. ஆனால் வாயிலை அடைத்ததோடு சிக்கல் தீரவில்லை. அங்கு நடந்த சில சோதனைகளில் அணுப்பிளவு முழுமையடையாததால், புளூட்டோனியம் ஆவியாகாமல் மீட்டெடுக்கக்கூடிய வடிவிலேயே எஞ்சியிருந்தது. பொருளாதாரம் சரிந்த தொண்ணூறுகளில் வேலையிழந்த மக்கள் சுரங்கங்களுக்குள் புகுந்து, செப்புக் கம்பிகளையும் இரும்பையும் பெயர்த்து விற்றுக்கொண்டிருந்தனர். 1998இல் களத்துக்கு வந்த அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் முன்னாள் இயக்குநர் சீக்ஃபிரிட் ஹெக்கர், அத்தகையோர் பெரிய இயந்திரங்களைக் கொண்டு அகழ்ந்திருந்ததைக் கண்டு திடுக்கிட்டு, ரஷ்ய அறிவியலாளர்களின் ஒத்துழைப்பை நாடினார். எந்தச் சுரங்கத்தில் என்ன இருக்கிறது என்பதை ரஷ்யர் மட்டுமே அறிவர். நிதி அமெரிக்காவிடம் இருந்தது. நிலமும் உழைப்பும் கஜகஸ்தானுடையவை. மூன்றும் சேர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் சிறப்புக் கலவையைச் சுரங்கங்களுக்குள் செலுத்திப் புளூட்டோனியத்தை எடுக்க முடியாதபடி புதைத்தன. 2012 அக்டோபரில் மலையடிவாரத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

ஆயினும் இப்பணி முழுவதும் மறைவாகவே நடந்தது. அணுப்பொருள்களின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்புடைய சர்வதேச அணுசக்தி முகமை இதில் பங்கேற்கவில்லை. மூன்று நாடுகள் ஒன்றையொன்று நம்பும் காலத்தில் அது பெரிய குறையாகத் தோன்றாது. அந்த உறவு முறிந்த காலத்தில் புதைத்ததன் அளவையும் நிலையையும் உறுதிசெய்யப் பொதுவான சான்று இருக்காது.

களம் விட்டுச்சென்ற நிறுவனங்கள்

2006 செப்டம்பர் 8 அன்று கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய ஐந்தும் செமிபலாட்டின்ஸ்க் நகரில் கூடி, மத்திய ஆசியாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக அறிவிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, கஜகஸ்தானின் முன்மொழிவை ஏற்று, ஆகஸ்ட் 29ஐ அணுவெடிப்புச் சோதனைகளுக்கு எதிரான சர்வதேச நாளாக அறிவித்தது. ஆயுதத்துக்கு உதவாத குறைந்த செறிவுள்ள யுரேனியத்தைச் சேமித்து, அணுமின் நிலையத்துக்கான எரிபொருள் பிற வழிகளில் கிடைக்காத நாடுகளுக்கு வழங்கும் வங்கி ஒன்றைச் சர்வதேச அணுசக்தி முகமை உல்பா ஆலையிலேயே அமைத்தது. எரிபொருளுக்காகச் செறிவூட்டும் ஆலையை நிறுவும் நாடு அதே ஆலையில் குண்டுக்கான பொருளையும் செய்யமுடியும் என்பதால், அத்தேவையைக் குறைப்பதே இதன் நோக்கம். 2019இல் அவ்வங்கிக்கு யுரேனியம் வந்து சேர்ந்தது. சோதனைகளை இயக்கிய குர்ச்சாத்தோவ் நகரில் இன்று சோதனைத் தடையைக் கண்காணிக்கும் உலக வலையமைப்பின் நில அதிர்வு நிலையம் ஒன்று இயங்குகிறது.

இந்த வெற்றிகளுக்கு நடுவே பின்தங்கி நின்றவர்கள் பாதிக்கப்பட்ட மக்களே. கஜகஸ்தான் அரசின் மதிப்பீட்டின்படி கதிர்வீச்சுக்கு ஆளானோர் 15 லட்சம் பேர். அவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் 1992இலும், உதவி கோரும் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானம் 1997இலும் வந்தன. ஜப்பானிய மருத்துவர்கள் நெடுங்காலம் துணைநின்றனர். ஆயினும் ஆயுதங்களை அகற்றக் கிடைத்த நிதியும் விரைவும் நோயுற்றோரைக் காக்கக் கிடைக்கவில்லை என்பது மறுக்கவியலாத வரலாறு.

செமிபலாட்டின்ஸ்க் அனுபவத்தை உலகம் முழுவதற்கும் பொதுவாக்கும் முயற்சியே 1996 செப்டம்பர் 24 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்ட விரிவான அணுவெடிப்புச் சோதனைத் தடை ஒப்பந்தம். நிலத்தடி உட்பட எல்லா இடங்களிலும் வெடிப்பைத் தடைசெய்து, நேரில் சென்று பார்க்கும் உரிமையையும் அது உள்ளடக்கியது; 1963இல் ஏழா மூன்றா என்று முடிவுறாமல் போன வழக்குக்கு அதில் விடை எழுதப்பட்டுள்ளது. ஆனால் அணு ஆற்றல் கொண்ட குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்புறுதி அளித்தால்தான், அதாவது தம் நாட்டுச் சட்டப்படி அதற்குக் கட்டுப்படுவதாக முறையாக அறிவித்தால்தான், அது நடைமுறைக்கு வரும். அவற்றுள் இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா ஆகியவை கையெழுத்திடவே இல்லை. அமெரிக்கா, சீனா, இஸ்ரேல், ஈரான், எகிப்து ஆகியவை கையெழுத்திட்டும் ஏற்புறுதி அளிக்கவில்லை. முன்பு அளித்த ஏற்புறுதியை ரஷ்யா 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 456 சோதனைகளைச் சந்தித்த நாடான கஜகஸ்தான் அதற்கு 2002ஆம் ஆண்டிலேயே ஏற்புறுதி அளித்துவிட்டது.